கேட்ல சிலுவை இருந்தா போதுமா? கிறிஸ்தவக் குடும்பங்கள் பள்ளி தேடும்போது படிக்க மறக்கும் போர்டு!

“சிஸ்டர்ஸ் ஸ்கூல்ல போட்டுடுங்க. பிள்ளை ஒழுக்கமா வளரும், ஜெபமும் படிச்சுக்கும்.”

குழந்தைக்கு மூன்று வயது நெருங்கும்போது, ஊரிலிருந்து பாட்டி போனில் சொல்லும் வாக்கியம் இது. பாட்டி படித்தது ஊர் கோயிலை ஒட்டியிருந்த ஆர்.சி. பள்ளியாக இருக்கும். நெல்லைப் பக்கம் என்றால் டி.டி.டி.ஏ. பள்ளி. தஞ்சாவூர், தரங்கம்பாடி பக்கம் என்றால் டி.இ.எல்.சி. அன்றைக்கு ‘நம்ம பள்ளிக்கூடம்’ என்றால் ஒன்றுதான். அதே கோயில் மணி, அதே வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்ச்.

சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கும் பேரன், பேத்திக்கு இன்று அது அவ்வளவு சுலபம் இல்லை. ஒரே காம்பவுண்டுக்குள் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று, மெட்ரிக் ஒன்று, சில இடங்களில் சி.பி.எஸ்.இ.யும் சேர்த்து மூன்று பள்ளிகள். மூன்று கேட்டிலும் சிலுவை உண்டு. நிர்வாகமும் ஒரே சபை. ஆனால் கேட்டுக்கு மேலே தொங்கும் போர்டில் இருக்கும் ‘அரசு உதவி பெறும்’ என்ற மூன்று வார்த்தைகள் இருக்கின்றனவா, இல்லையா என்பது ஃபீஸை மட்டுமல்ல, பிள்ளையின் 18 வயதுக்குப் பிறகான பல கதவுகளையும் முடிவு செய்கிறது. பலரும் சிலுவையைப் பார்க்கிறார்கள், போர்டைப் படிப்பதில்லை.

கோயில் பக்கத்துலயே பள்ளி... ஏன்?

ஜெர்மனியிலிருந்து வந்த சீகன்பால்க் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அடுத்த ஆண்டே பள்ளிகள் தொடங்கிவிட்டன, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. காரணம் எளிமையானது. சீர்திருத்த சபையைப் பொறுத்தவரை விசுவாசி என்றால் வேதாகமத்தைத் தானே வாசிக்க வேண்டும். வாசிக்க எழுத்து தெரிய வேண்டும். எனவே சபை போன இடமெல்லாம் பள்ளியும் போனது. கத்தோலிக்கத் துறவற சபைகளும் பின்னால் பெரிய அளவில் வந்தன. திருச்சியின் புனித வளனார் கல்லூரி 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்டதுதான். பாளையங்கோட்டைக்கு ‘தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு’ என்ற பட்டம் வந்ததும் இந்தப் பள்ளி, கல்லூரிகளால்தான்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், சுமார் 44 லட்சம் பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட 47 சதவீதம். இவ்வளவு சிறிய சமூகம் இத்தனை பள்ளிகளை நடத்துவதால், அந்தப் பள்ளிகளில் படிப்பவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாக இருக்கவே முடியாது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, நாடு முழுக்கவுள்ள கிறிஸ்தவப் பள்ளிகளின் மாணவர்களில் 74 சதவீதம் பேர் சிறுபான்மையினர் அல்லாதவர்கள் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கான சலுகைகள் மேல் கேள்வி எழுப்பத்தான் ஆணையம் அந்த எண்ணைப் பயன்படுத்தியது. பெற்றோர் அதை வேறு விதமாகப் படிக்கலாம்: கிறிஸ்தவப் பள்ளியில் சேர்த்தாலும், வகுப்பில் உங்கள் பிள்ளை சிறுபான்மைதான்.

‘ஜெபமும் படிச்சுக்கும்’ - உண்மையா?

ஓரளவுக்குத்தான்.

பெரும்பாலான கத்தோலிக்கப் பள்ளிகளில் நடப்பது இதுதான்: வாரத்தில் ஓரிரு பீரியட் வரும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போவார்கள், மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கு. காலை அசெம்பிளியில் பொதுவான ஒரு பிரார்த்தனை, டிசம்பரில் குடில், கேரல். அவ்வளவுதான். முதல் நற்கருணைக்கான தயாரிப்பையோ, சி.எஸ்.ஐ. சபையில் திடப்படுத்தல் வகுப்பையோ பள்ளி நடத்துவதில்லை. அது பங்கின், சபையின் வேலை. ஞாயிற்றுக்கிழமை நடக்கும்.

சட்டமும் இங்கே எல்லை போட்டிருக்கிறது. அரசமைப்பின் 30-வது பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளிகளைத் தொடங்கி நடத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் 28(3) பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் எந்தப் பள்ளியும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. இது இந்துப் பெற்றோருக்கான பாதுகாப்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனா, கிறிஸ்தவர்களுக்குள்ளேயே இது தேவைப்படும்! கத்தோலிக்கப் பள்ளியில் அக்டோபர் மாத ஜெபமாலையில் நிற்க விரும்பாத பெந்தெகொஸ்தே குடும்பங்கள் நிறைய. ‘எப்படிச் சொல்றது, சிஸ்டர் தப்பா நினைச்சுப்பாங்களோ’ என்று தயங்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தால் போதும், அது உரிமை.

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் முக்கியமான தீர்ப்பு ஒன்று ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்தே வந்தது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1985-ல் பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

பள்ளிகளும் மாறிவருகின்றன. 2024-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், பிற மதப் பிள்ளைகள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது, அசெம்பிளியில் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்க வேண்டும், முடிந்தால் பல்சமய வழிபாட்டுக் கூடம் அமைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னது. கிறிஸ்தவப் பள்ளிகள் மீது தாக்குதல்கள் நடந்த சூழலில் வந்த எச்சரிக்கை என்றும் இதைப் பார்க்கலாம். எப்படியிருந்தாலும், ‘விசுவாசத்தைப் பள்ளி பார்த்துக்கும்’ என்ற பாட்டி காலத்துக் கணக்கு இனி சரியாக வராது. பெற்றோரே பிள்ளைகளின் முதல் கல்வியாளர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே தன் கல்வி அறிக்கையில் சொல்லிவிட்டது.

நடைமுறைச் சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஞாயிற்றுக்கிழமையில். ஒலிம்பியாட், அபாகஸ் போட்டி, ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நீட், ஜே.இ.இ. ஃபவுண்டேஷன் கோர்ஸ் எல்லாம் ஞாயிறு காலையில்தான். இதில் சிலுவை போட்ட பள்ளி, போடாத பள்ளி என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. ‘சண்டே கிளாஸ் உண்டா’ என்று அட்மிஷன் நேரத்திலேயே கேட்டுவிடுவது, ‘பைபிள் கிளாஸ் உண்டா’ என்று கேட்பதைவிடப் பயன் தரும்.

அந்த மூன்று வார்த்தைகள்

அரசு உதவி பெறும் பள்ளி என்றால் ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கட்டடமும் பராமரிப்பும் நிர்வாகத்துடையது. தமிழ்நாட்டில் இப்படி 8,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன, அதில் கிறிஸ்தவ நிர்வாகங்களின் பங்கு பெரியது. தமிழ் வழியில் கல்விக் கட்டணம் இல்லை. பாடநூல், சத்துணவு, ப்ளஸ் ஒன்னில் சைக்கிள் எல்லாம் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024 ஜூலை 15-ல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26-ல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. இரண்டு விழாக்களும் நடந்த இடம் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகள்தான்: திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளி, மயிலாப்பூரில் புனித சூசையப்பர் பள்ளி.

கல்லூரிக்குப் போனதும் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டங்களும் அப்படித்தான் நகர்ந்து வந்தன. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் தொடங்கியபோதே உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2022-லேயே வந்த புதுமைப்பெண் திட்டத்தில் உதவி பெறும் பள்ளி மாணவிகளுக்கு இடமில்லை. 2024 டிசம்பர் 30-ல் தூத்துக்குடியில்தான் அந்தக் கதவு திறந்தது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டிலும் நிபந்தனை ஒன்றே: ஆறு முதல் பன்னிரண்டு வரை, தமிழ் வழி.

இங்கேதான் ஒரு சின்னப் பொறி. உதவி பெறும் பள்ளிக்குள்ளேயே ‘இங்கிலீஷ் மீடியம்’ செக்‌ஷன் இருக்கும். போர்டு அதேதான், யூனிஃபார்ம்கூட அதேதான். ஆனால் அந்தப் பிரிவு பெரும்பாலும் சுயநிதி. ஃபீஸ் உண்டு, மாதம் 1,000 கிடையாது. ‘எய்டட்ல தானே போட்டோம்’ என்று நம்பியிருக்கும் பெற்றோருக்குக் கல்லூரி முதல் வருடத்தில்தான் விஷயம் தெரியவரும்.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. 2020-ல் மருத்துவப் படிப்புக்கும் 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். அதில் சேருவோரின் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. உதவி பெறும் பள்ளி மாணவர்கள் இதில் இல்லை. மீனவக் கிராமத்தில் ஆர்.சி. உயர்நிலைப் பள்ளி மட்டுமே நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு பிள்ளையை யோசித்துப் பாருங்கள். அப்பாவின் வருமானம், வீட்டுச் சூழல், பயிற்று மொழி, பாடநூல் எல்லாமே அரசுப் பள்ளிப் பிள்ளையோடு ஒன்றுதான். போர்டு மட்டும் வேறு. இந்தக் கோட்டை எந்த நியாயத்தின் அடிப்படையில் போட்டார்கள் என்பதற்கு இன்னும் திருப்தியான பதில் இல்லை. மருத்துவக் கனவு இருக்கிற, ஆனால் பணம் இல்லாத குடும்பம் என்றால், ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பக்கத்து அரசுப் பள்ளிக்கு மாற்றுவதைப் பற்றி உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். கோயில் பள்ளியை விட்டு வருவது ஃபாதருக்கு வருத்தமாக இருக்கலாம்.

அரசு வேலைக் கனவு என்றால் முடிவு அதற்கும் முன்னாடியே எடுக்கப்படுகிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு 2010 சட்டம். 2020-ல் திருத்தினார்கள். இப்போது அந்தச் சலுகைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும்.

மெட்ரிக்கில் ஏழைக்கு இடம் உண்டா?

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும், கட்டணத்தை அரசு கட்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு மட்டும் இது கிடையாது. 2014-ல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, இந்தச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது.

விளைவு வேடிக்கையானது, கொஞ்சம் வேதனையானதும்கூட. வியாசர்பாடியில் ஒரு ஏழைக் கிறிஸ்தவக் குடும்பம் ஆர்.டி.இ. மூலம் இந்து அறக்கட்டளை நடத்தும் மெட்ரிக் பள்ளியில் இலவச எல்.கே.ஜி. இடம் கேட்கலாம். தங்கள் பங்குச் சபையே நடத்தும் கான்வென்ட்டில் கேட்க முடியாது. அங்கே ஃபீஸ் குறைப்பு என்பது நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது. சில இடங்களில் தாராளமாகத் தருகிறார்கள், பங்குத்தந்தையின் கடிதத்தோடு வந்தால் பாதிக் கட்டணம் என்றெல்லாம் உண்டு. ஆனால் கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கிடைக்கிறது. வெளியே எழுதி ஒட்டப்பட்டிருப்பதில்லை.

இந்த விலக்கு எவ்வளவு நாள் நீடிக்கும் என்பதும் உறுதியில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வு வழக்கில் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்த இரு நீதிபதிகள் அமர்வு, பிரமதி தீர்ப்பு சரிதானா என்ற கேள்வியைப் பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது.

சரி, ‘நாம கிறிஸ்டியன், நமக்கு முன்னுரிமை உண்டுல்ல?’ உண்டு, ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. உதவி பெறும் சிறுபான்மை நிறுவனம் தன் சமூகத்தினருக்கு முன்னுரிமை தரலாம் என்று 1991-ல் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது, 50 சதவீத வரம்போடு. 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள், அந்த விகிதத்தைத் தேவைக்கேற்ப மாநிலம் முடிவு செய்யலாம் என்றார்கள். நடைமுறையில் டிமாண்ட் உள்ள நகரத்துப் பள்ளிகளில் அந்தப் பங்கைச் சேர்ந்தவரா, அந்த சபைக்காரரா என்பது வரை பார்க்கிறார்கள். சி.எஸ்.ஐ. குடும்பத்துக்குக் கத்தோலிக்கப் பள்ளியில் முதல் வரிசை கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஞானஸ்நானச் சான்றிதழ்: கவனமாகக் கொடுங்கள்

முன்னுரிமை வேண்டும் என்றால் விண்ணப்பத்தோடு இணைக்கச் சொல்வது ஞானஸ்நானச் சான்றிதழ். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது இன்னொரு ஜெராக்ஸ். தலித் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அப்படியல்ல.

1950-ன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர்கள் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். அதனால் ஞாயிறன்று கோயிலுக்குப் போய்க்கொண்டே, சான்றிதழில் மட்டும் ‘இந்து’ என்று வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை. பிள்ளையை இந்து என்று சொல்லி வளர்க்கவும் மனமில்லை, ஒதுக்கீட்டை இழக்கவும் வழியில்லை. ஒரு குடும்பத்தின் மனசாட்சியை இப்படிச் சோதிக்கும் சட்டம் நியாயமா என்ற கேள்வி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலுவையில் இருக்கிறது. 2022-ல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு ஆணையம் அமைத்தது.

ஆனால் நீதிமன்றம் காத்திருக்கவில்லை. 2024 நவம்பர் 26-ல், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் ஞானஸ்நானம் பெற்றவர், தேவாலய வழிபாட்டில் தொடர்ந்து பங்கேற்பவர் என்பதே காரணம். ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றார்கள் நீதிபதிகள்.

அதாவது, எல்.கே.ஜி. சீட்டுக்காகக் கொடுக்கும் ஒரு பேப்பர் 22 வயதில் திரும்பி வரலாம். பள்ளி ஆவணத்தில் மதம், சாதிச் சான்றிதழில் மதம், பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு மூன்றும் ஒன்றோடொன்று முரண்படக் கூடாது. வெளிப்படையாகக் கிறிஸ்தவர் என்றே பதிவு செய்யும் குடும்பங்களுக்கு எல்லாமே போய்விடுவதும் இல்லை. மாநில அரசின் பல கல்வி உதவித்தொகைகள் ஆதிதிராவிடர்களோடு, ‘கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்’களுக்கும் சேர்த்தே அறிவிக்கப்படுகின்றன. அந்த வரியை அறிவிப்பில் தேடிப் பாருங்கள். அதேநேரம், சிறுபான்மையினருக்கான ஒன்றிய அரசின் ப்ரீ மெட்ரிக் உதவித்தொகையை ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை 2022-ல் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.

அட்மிஷனுக்கு முன்னால்

பள்ளி எந்த வகை என்பதை ஆபீஸில் கேட்டால் சில நேரம் சுற்றிவளைத்துப் பதில் வரும். ஒன்றிய கல்வித் துறையின் யூடைஸ் பிளஸ் தளத்தில் ‘நோ யுவர் ஸ்கூல்’ பக்கத்தில் பெயரைத் தேடினால் நிர்வாக வகை, பயிற்று மொழி எல்லாம் தெரிந்துவிடும். சுயநிதிப் பள்ளி என்றால், 2009 சட்டப்படி அமைக்கப்பட்ட கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நன்கொடைக்கு ‘பில்டிங் ஃபண்ட்’ என்று புனிதமான பெயர் வைத்தாலும் அது அந்தத் தொகைக்குள் வராது.

இன்னொரு கேள்வியைக் கிறிஸ்தவப் பெற்றோர்தான் கேட்கத் தயங்குகிறார்கள். பிள்ளைகள் பாதுகாப்புக் குழு இருக்கிறதா, புகார் வந்தால் யாரிடம் போகும்? ‘ஃபாதர்கிட்ட போய் இதையெல்லாம் கேக்குறதா?’ என்ற கூச்சம் வேண்டாம். போக்சோ சட்டம் அங்கியைப் பார்த்து விலகாது. நல்ல நிர்வாகம் இந்தக் கேள்விக்குக் கோபப்படவும் செய்யாது.

தேதிகளும் வித்தியாசம். நகரத்து சி.பி.எஸ்.இ., மெட்ரிக் பள்ளிகளின் எல்.கே.ஜி. விண்ணப்பங்கள் கல்வியாண்டு தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துபோகும். அதே காம்பவுண்டில் இருக்கும் உதவி பெறும் தொடக்கப் பள்ளியில் ஜூனிலும் இடம் இருக்கும், ஜூலையிலும் இருக்கும். அங்கே ஆசிரியர் பணியிடங்களை ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். அதனால் கோடை விடுமுறையில் அந்தப் பள்ளியின் டீச்சர்கள் நோட்டீஸோடு தெருத்தெருவாகப் போய், “எங்க ஸ்கூல்ல சேர்த்துவிடுங்கம்மா, ஃபீஸ் கிடையாது, காலை டிபனும் உண்டு” என்று வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.